பூஜ்ஜியத்துக்குக் கீழே இடமில்லை

கராஜின் தகரக் கதவில் தொடங்கி
நான்காம் தெருத் தண்ணீர்க் குழாயோடு முடிகிறது
எங்கள் ஒலிபரப்பு.
ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு.
துணிக்கொடியை ஒட்டி மூன்று மீட்டர் கம்பி.
மெர்பேங்கில் எண்ணெய் ஆலையின் வாடை
இதைவிடத் தொலைவு போகும்.

சனிக்கிழமை மாலை சலோசனா வாசிப்பாள்:
கத்தரிக்காய் விலை,
எத்தனை மணிக்கு மின்சாரம் போகும்,
யார் வீட்டில் பதினாறாம் நாள்,
திங்களன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில்
ஓர் இடம் காலி.
நடுவில் எதையோ நினைத்துச் சிரிப்பாள்.
அங்கேதான் உடையும்.

வேலிக்கு அப்பால் நின்று கிஸ்டன் சொன்னார்:
"கடைசி ஓவர். ரெண்டு ரன் வேணும்.
பந்து போட ஓடி வர்றான்,
உன் பெண்டாட்டி சிரிச்சா.
என்ன ஆச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியாது."
அவர் கேட்கும் ஸ்டேஷன்
முள்ளில் எங்களுக்கு இரண்டு விரற்கடை தள்ளி.

அலைகாட்டியின் பச்சைத் திரையில் பார்த்தேன்.
அவள் பேசாதபோது ஊர்தி அலை
இஸ்திரி போட்ட நாடா.
பேசினால் பிதுங்கும், இடுப்பு சிறுக்கும்.
சிரித்தால்
இடுப்பு அற்றுப்போய்
வெறும் கோடு.
அந்தக் கணத்தில் நாங்கள் வானில் இல்லை.
இருப்பதை இல்லாமல் ஆக்கலாம்,
இல்லாததை எங்கே போய்க் குறைப்பது?
வெட்டுப்பட்ட ஓரங்கள் தெறித்துத்தான்
கிஸ்டனின் பந்துவீச்சாளரை இடறியிருக்கின்றன.

கறுப்புக் குழாய் ஒன்று செய்தேன்.
உள்ளே ஒரு சிவப்பு எல்இடி,
எதிரே, வெளிச்சம் பட்டால் தடை குறையும் ஒரு சில்லு.
குரல் ஏறினால் விளக்கு எரியும்,
விளக்கு எரிந்தால் குரல் இறங்கும்.
ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டாள்.
"பள்ளிக்கூடத்துல மிஸ் மூட்லி சொன்னா,
தையல் ஆலையில சூப்பர்வைசர் சொன்னான்,
உங்கம்மா, கேக்கவே வேண்டாம்.
இப்ப குழாயும் சொல்லுதா
மெதுவாப் பேசுன்னு?"

குழாய்க்கு இன்னொரு குணம் இருந்தது.
அவளை அமுக்கிய கையை மெல்ல எடுக்கும்,
எடுத்ததும் வெறுமையை அள்ளி மேலே தூக்கும்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
ஃபிரிட்ஜ் மூச்சு வாங்கியது,
நெடுஞ்சாலை லாரிகள் வீட்டுக்குள் வந்து போயின,
மூலையில் நான் முணுமுணுத்த கணக்கு
நாலு தெருவுக்கும் போயிற்று.
திங்களன்று கடையில் பூபாலன் கேட்டார்:
"கார் தவணை கட்டியாச்சா?"

"என்னைக் குறைக்காதே, மைக்கைத் தள்ளி வை."
வைத்தேன்.
கிஸ்டன் நிம்மதியாகக் கிரிக்கெட் கேட்டார்.
நான்காம் தெருவில் தஞ்சியம்மாவுக்கு
மணல் வறுக்கும் சத்தம் மட்டும்.

காகித ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து
அவள் சிரிப்பின் பதிவை
மறுபடி மறுபடி ஓட்டினேன்.
அதிகாலை மூன்றரைக்குத் தெரிந்தது:
அது மேலும் கீழும் ஒன்றல்ல.
மேலே குட்டையான புல்,
கீழே நீள நீளமான வேர்.
கீழே பூஜ்ஜியம், அதற்கப்பால் இடமில்லை.
மேலேயோ டிரான்சிஸ்டர் தாங்கும்வரை வானம்.
ஏழு மாதமாக அவளைத்
தலைகீழாக அனுப்பியிருக்கிறேன்.

மைக்கின் டிரான்ஸ்ஃபார்மரில்
இரண்டே கம்பிகள்.
இடதை வலதில், வலதை இடதில் வைத்துப் பற்றவைத்தேன்.
ஈயம் ஆற எடுத்த நேரம்தான்.
குழாயைக் கழற்றவில்லை,
கீழ்ப்பாதியை மட்டும் பார்க்கும்படி
ஒரு டயோடு சேர்த்தேன்.
காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.
"என்ன பண்ணினே?" என்றாள்.
"ஒண்ணுமில்ல, திருப்பி வச்சேன்."

அந்தச் சனிக்கிழமை
வெண்டைக்காய் விலையில் தடுமாறிச் சிரித்தாள்.
திரையில் சிகரம் எழுந்து மேல் விளிம்பைத் தாண்டியது.
இடுப்பு நூலாயிற்று,
அறவில்லை.

வேலியை எட்டிப் பார்த்தேன்.
கிஸ்டன் வரவில்லை.
சரியாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.
மழையால் அன்று ஆட்டமே நடக்கவில்லை என்பது
மறுநாள்தான் தெரிந்தது.